அன்பளிப்பும் கைக்கூலியும்



சிங்கப்பூரில் பள்ளி ஆண்டு நவம்பர் மாதத்தில் முடிவடைகிறது. அந்த மாதம் பிறந்துவிட்டால் நம்மில் பலருடைய கடைக்கு வீட்டிலிருந்து ஒரு தொலைபேசி வரும். "பிள்ளையின் டீச்சருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், கடையில் நல்லதாக ஒன்று பார்த்து எடுத்து வாருங்கள்" என்பதே அதன் சாரம். நாமும் கல்லாவில் இருந்தபடியே "சரி, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்து நிற்கும் வாடிக்கைக்காரரைக் கவனிக்கப் போய்விடுவோம். இத்தனை சிறிய காரியத்தில் ஆராய்ந்து பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நீண்ட நாள் எண்ணியிருந்தேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், மற்ற எவரையும்விட வியாபாரிகளாகிய நாமே இதைக் கவனித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். ஏனெனில் அன்பளிப்பில் இரண்டு வகை உண்டென்பது நமக்கு நன்றாகத் தெரியும். நோன்புப் பெருநாளன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பும் பலகாரத் தட்டு ஒரு வகை. சீனப் புத்தாண்டுக்கு மொத்த வியாபாரிக்கு அனுப்பும் ஆரஞ்சுப் பெட்டி மற்றொரு வகை. முன்னதை அனுப்பியதும் மறந்துவிடுகிறோம். பின்னதை அனுப்பும்போதோ, 30 நாள் தவணை 45 நாளாகுமா என்று ஒரு கண் அங்கேயே நிற்கிறது. வியாபாரிகளுக்குள் இது அளவோடு நடக்கும் மரியாதை. இரு தரப்பாருக்கும் அதன் பொருள் தெரியும். நம் கேள்வி இதுதான்: பிள்ளையின் ஆசிரியருக்கு நாம் கொடுப்பது பலகாரத் தட்டா, ஆரஞ்சுப் பெட்டியா?

என் சொந்த அனுபவத்தையே சொல்லிவிடுகிறேன். சொல்லிக்கொள்ளப் பெருமை தரும் சங்கதி அன்று.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் தொடக்கநிலை 5-ல் படித்துக்கொண்டிருந்தாள். கணக்குப் பாடத்தில் மிகவும் பின்தங்கியிருந்தாள். அவளுடைய வகுப்பாசிரியை, பள்ளி விட்ட பிறகும் அவளை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆண்டு முடிவில் அவள் நன்றாகவே தேறிவிட்டாள். எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. எங்கள் துணிக்கடையில் இருந்த பட்டில் உயர்ந்த ரகமாக ஒன்றை எடுத்தேன். விலை 300 வெள்ளிக்குக் குறையாது. கடையில் கணக்கு எழுதும் பெரியவர், "இதை எந்தக் கணக்கில் எழுதட்டும், முதலாளி?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "வாடிக்கைக்காரர் அன்பளிப்பில் எழுதுங்கள்" என்றேன். அவரும் எழுதிவிட்டார்.

மறுநாள் அந்தப் பட்டு திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு கடிதமும் இருந்தது. மகள் தன் கையால் எழுதிய வாழ்த்து அட்டையை மட்டும் மகிழ்ச்சியுடன் வைத்துக்கொள்வதாகவும், மற்றதை ஏற்றுக்கொள்வது முறையாகாது என்றும், வருத்தப்பட வேண்டாம் என்றும் அந்த அம்மையார் மிக மரியாதையாக எழுதியிருந்தார். எனக்குக் கோபம் பொங்கியது. கொடுத்த பொருளைத் திருப்பி அனுப்புவது நம் வழக்கத்தில் அவமதிப்பு அல்லவா? வீட்டில் அதைச் சொல்லிச் சத்தம் போட்டேன். மகள் எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில், "வாப்பா, அடுத்த வருஷமும் இவங்கதான் எங்க டீச்சர்னு உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள்.

தெரியும். அடுத்தது தொடக்கநிலை 6. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் ஆண்டு. அந்த ஆசிரியை வகுப்புடன் மேலே வருகிறார் என்பதை அறிந்துதான் 300 வெள்ளிப் பட்டை எடுத்தேன். அதற்கு முந்திய ஆண்டு அவளுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரும் குறைவின்றி உழைத்தவர்தாம். அவர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனபோது நான் என்ன கொடுத்தேன்? ஒரு கைக்குட்டைகூடக் கொடுக்கவில்லை. கணக்குப் பெரியவர் கேட்டபோது என் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. உள்ளந்தான் அதை ஒப்புக்கொள்ள மறுத்தது.

இதோடு முடியவில்லை. எங்கள் கடையில் வேலை பார்த்துவந்த ஒரு சகோதரரின் மகனும் அதே வகுப்பில்தான் படித்தான். பள்ளியின் கடைசி நாளன்று அவன் பள்ளிக்குப் போகவில்லை. "பையனுக்குக் காய்ச்சல்" என்று தகப்பனார் சொன்னார். காய்ச்சல் ஒன்றுமில்லை என்பது பல மாதங்கள் கழித்துத் தற்செயலாக எனக்குத் தெரியவந்தது. முதலாளி வீட்டுப் பிள்ளை என்ன கொண்டுபோகிறாள் என்பது அந்தத் துணியை மடித்துக் கட்டிக்கொடுத்த அவருக்குத் தெரியுமன்றோ? தம் மகன் அதன் பக்கத்தில் எதைக் கொண்டுபோய் வைப்பான் என்று எண்ணி, அவனை வீட்டிலேயே இருத்திக்கொண்டார். அந்த ஆசிரியை என் மகளுக்குச் செய்த உதவியை அந்தப் பையனுக்கும் செய்தவர். அவரிடம் விடைபெற்று வரும் பாக்கியம் அவனுக்குக் கிட்டவில்லை. அதைத் தடுத்தது என் தாராளம்.

இனி, நம் மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அன்பளிப்பு கொடுப்பதை இஸ்லாம் ஊக்குவிக்கிறது என்பதில் ஐயமில்லை. ஒருவருக்கொருவர் அன்பளிப்புச் செய்தால் நேசம் வளரும் என்றும், அண்டை வீட்டார் கொடுப்பது ஓர் ஆட்டின் குளம்பே ஆனாலும் அதை இளப்பமாக நினைக்கலாகாது என்றும் கற்பித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். ஆனால் அதே நாயகம் அவர்கள் ஓர் அன்பளிப்பைக் கண்டு கோபமுற்ற வரலாறும் உண்டு.

ஜகாத் வசூலிப்பதற்காக இப்னுல் லுத்பிய்யா என்பவரை அனுப்பியிருந்தார்கள். அவர் திரும்பி வந்து, கொண்டுவந்த பொருளை இரண்டாகப் பிரித்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று சொன்னார். நாயகம் அவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று மக்கள் முன்னிலையில் கேட்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ள ஹதீஸ் இது. ஹிஜ்ரி 99 முதல் 101 வரை ஆட்சி செய்த கலீபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களும் தமக்கு வந்த அன்பளிப்பை ஏற்க மறுத்தார்கள். நாயகம் அவர்கள் காலத்தில் அன்பளிப்பாக இருந்தது, பிற்காலத்தில் அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் கைக்கூலியாகிவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் அன்பளிப்புக்கும் கைக்கூலிக்கும் உள்ள வேற்றுமையை விரிவாக ஆராய்கிறார்கள். மேற்சொன்ன ஹதீஸையே அளவுகோலாகக் கொண்டு, பதவியில் இருப்பவர் தம்மைப் பதவியிலிருந்து நீங்கித் தாய் வீட்டில் உட்கார்ந்திருப்பவராகக் கருதிப் பார்க்க வேண்டும். அந்நிலையிலும் தமக்குக் கொடுக்கப்படும் பொருளாக இருந்தால் அதை வாங்கலாம் என்று முடிவு சொல்கிறார்கள். இது வாங்குபவருக்குச் சொன்ன சோதனை. கொடுப்பவருக்கும் இதுவே சோதனை என்பது என் எண்ணம். இந்த ஆசிரியர் நாளைக்கே வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டால், இந்தப் பொருளை எடுத்துக்கொண்டு நாம் அவர் வாசலைத் தேடிப் போவோமா? போவோம் என்றால் அது அன்பளிப்பு. போகமாட்டோம் என்றால் நாம் கொடுப்பது அந்த மனிதருக்கன்று. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு.

இதற்கு நம்மவர்கள் சொல்லும் மறுப்புகளை நான் அறிவேன். நானே அவற்றைச் சொன்னவன்தான்.

முதலாவது மறுப்பு: "நன்றி செலுத்துவது தவறா? மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவன் அல்லவா?" மெய்தான். நன்றி செலுத்தியே ஆக வேண்டும். ஆனால் நன்றி பின்னோக்கிப் பார்க்கும். கைக்கூலி முன்னோக்கிப் பார்க்கும். நம் பார்வை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நாமேதான் சோதித்துக்கொள்ள வேண்டும். நிய்யத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. அவனுக்கு அடுத்தபடியாக அதை அறியக்கூடியவர்கள் நாம்.

இரண்டாவது மறுப்பு: "இது நம் பழைய வழக்கம். குர்ஆன் ஓதி முடித்த பிள்ளையின் வீட்டார், ஓதிக்கொடுத்த லெப்பைக்கு வேட்டியும் பணமும் இனிப்பும் கொடுக்கவில்லையா?" கொடுத்தார்கள். ஆனால் எப்போது கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பிள்ளை ஓதி முடித்த பிறகு கொடுத்தார்கள். அதற்கு மேல் அந்த லெப்பையிடம் பெற வேண்டியது ஒன்றுமில்லை. மறைவாகவும் கொடுக்கவில்லை, எல்லாருக்கும் இனிப்பு வழங்கி, எல்லாரும் பார்க்கக் கொடுத்தார்கள். நம் முன்னோர் வழக்கம் நாம் செய்வதற்குச் சாட்சி சொல்லாது.

வழக்கம் என்ற சொல்லைப் பற்றி வியாபாரிகள் அறிந்திருக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூரில் 1952-ல் லஞ்ச ஒழிப்புப் புலனாய்வுப் பிரிவு அமைக்கப்பட்டது. 1960-ல் லஞ்ச ஒழிப்புச் சட்டம் வந்தது. இப்படிக் கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கந்தான் என்று காட்டும் சாட்சியத்தை அச்சட்டம் ஏற்பதில்லை. அரசாங்கப் பள்ளி ஆசிரியர் அரசாங்க ஊழியர். பெற்றோர் தரும் விலையுயர்ந்த பொருளைத் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. ஆசிரியருக்குக் கொடுத்த துணியெல்லாம் குற்றமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நாம் அன்பு என்று நினைத்து அனுப்பும் பொருள், அதைப் பெறுபவருக்கு ஒரு சங்கடமாகப் போய்ச் சேருகிறது என்பதைத்தான் சொல்கிறேன். அந்த அம்மையார் எனக்குக் கடிதம் எழுத எவ்வளவு தயங்கியிருப்பார் என்பதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது மறுப்பு: "எங்கள் டீச்சர் நேர்மையானவர். என் பொருளுக்காக அவர் ஒரு மதிப்பெண்ணைக்கூடக் கூட்டிப் போடமாட்டார். பிறகு என்ன தீங்கு?" நேர்மையானவருக்குத்தான் தீங்கு அதிகம். பொருளை வாங்கிய பிறகு அவர் உங்கள் பிள்ளையிடம் அன்பாக இருந்தால், பொருளுக்காகவோ என்று தம்மையே சந்தேகிப்பார். கண்டிப்பாக இருந்தால், பொருளை மறைப்பதற்காகவோ என்று மறுபடியும் சந்தேகிப்பார். தராசு பிடிக்கிறவன் கையில் நாம் ஒரு பூவை வைத்தாலும், அவன் கை சற்றே கனக்கத்தான் செய்யும். எடைபோட்டு விற்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான்காவது மறுப்பு: "எல்லாரும் கொடுக்கிறார்களே! என் பிள்ளை மட்டும் வெறுங்கையோடு போகலாமா?" இதற்குப் பதில், காய்ச்சல் வராமலே வீட்டில் படுத்திருந்த அந்தப் பையன்தான். எல்லாரும் கொடுப்பதால் நானும் கொடுக்கிறேன் என்று வசதியுள்ளவர் சொல்லச் சொல்ல, கொடுக்க இயலாதவரின் பிள்ளைக்கு வகுப்பறை வாசல் உயர்ந்துகொண்டே போகிறது. இதை உயர்த்தியவர்கள் நாம். தாழ்த்த வேண்டியவர்களும் நாமே.

அப்படியானால் ஒன்றுமே கொடுக்க வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மார்க்கமும் அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தோன்றிய சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலில், பிள்ளையைக் கொண்டே ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். 'நன்றி டீச்சர்' என்ற ஒற்றை வரி போதாது. எந்த நாள், எந்தக் கணக்கு புரியாமல் அழுதேன், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதட்டும். என் பட்டைத் திருப்பியனுப்பிய ஆசிரியை அந்த அட்டையை மட்டும் வைத்துக்கொண்டாரே, அதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

இரண்டாவது, பெற்றோராகிய நாமும் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதலாம். குறை சொல்ல வேண்டுமானால் அன்றைக்கே எழுதிவிடுகிறோம். நிறை சொல்ல மட்டும் நமக்கு நேரம் கிடைப்பதில்லை. இன்ன ஆசிரியர் இன்ன நன்மை செய்தார் என்று உள்ளபடி எழுதுவது உண்மைக்குச் சாட்சி சொல்வதாகும். பிள்ளை அந்த ஆசிரியரின் வகுப்பைவிட்டு நீங்கிய பிறகு எழுதினால் இன்னும் நன்று.

மூன்றாவது, பண்டமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று மனம் விரும்பினால், வகுப்புப் பெற்றோர் அனைவரும் சேர்ந்து, யார் எவ்வளவு என்று குறிக்காமல், எல்லாப் பிள்ளைகளின் பெயராலும் சிறியதாக ஒன்றைக் கொடுக்கலாம். இயலாதவர் ஒரு காசும் போடாவிட்டாலும் அவர் பிள்ளையின் பெயர் அதில் இருக்க வேண்டும்.

நான்காவது, பள்ளிக்கே கொடுங்கள். 1946-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் தொடங்கியது. 1982-ல் அது மூடப்பட்டாலும், அப்பெயர் இன்றும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் நின்று நிலவுகிறது. பள்ளிக்காகக் கொடுப்பவர் ஊரார் பிள்ளைகள் அனைவருக்கும் கொடுக்கிறார். ஒரு பிள்ளைக்காக ஒருவருக்குக் கொடுப்பது அந்த ஆண்டோடு போய்விடுகிறது.

இங்கே நம் சங்கங்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. மாலையில் நம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்கு மாதச் சம்பளத்தைக் குறைவாக வைத்துவிட்டு, ரமலானில் ஓர் உறையை அவர் கையில் திணிப்பதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்கிறோம். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கூலியாகக் கொடுக்க வேண்டியதைக் கொடையாகக் கொடுத்தால், வாங்குபவர் தலைகுனிந்து வாங்க வேண்டியதாகிறது. முதலில் கூலியை ஒழுங்காகக் கொடுப்போம். அதன் பிறகு அன்பளிப்பைப் பற்றிப் பேசுவோம்.

கடைசியாக ஒரு வழி உண்டு. எல்லாவற்றிலும் சிறந்தது அதுவே என்று நான் நினைக்கிறேன். பழைய ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். இனி நம் பிள்ளைக்கு மதிப்பெண் போடும் நிலையில் இல்லாதவரை, வேறு பள்ளிக்குப் போய்விட்டவரை, ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவரைத் தேடிப் போங்கள். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று கீழக்கரை வள்ளலைப் பற்றி ஒரு பழமொழி வழங்குகிறதல்லவா? வள்ளல் மறைந்தது தெரியாமல் வந்த புலவருக்கு, அடக்கத்தலத்திலிருந்து மோதிரக் கை நீண்டதாகக் கதை சொல்வார்கள். கதை கதையாகவே இருக்கட்டும். அதை நம்மவர்கள் இத்தனை காலம் போற்றிவருவதன் காரணத்தைப் பாருங்கள். மறைந்தவருக்குப் புலவரின் பாட்டால் ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை. பெறுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் நீண்ட கை அது.

என் மகள் உயர்நிலைப் பள்ளியை முடித்த ஆண்டு, அவளை அழைத்துக்கொண்டு அந்த ஆசிரியையைப் பார்க்கப் போனேன். அவர் அப்போது வேறொரு பள்ளியில் இருந்தார். என் மனைவி கிளறிய தொதலை ஒரு சிறிய டப்பாவில் கொண்டுபோனோம். கொடுக்கும்போது என் கை சற்றே நடுங்கியது. மறுபடியும் திருப்பிவிடுவாரோ என்ற பயம். அவர் டப்பாவை அங்கேயே திறந்து, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இதை எப்படிச் செய்வது?" என்று கேட்டார். என் மகள் தேங்காய்ப் பாலிலிருந்து தொடங்கி விவரமாகச் சொன்னாள். மேசையின் கண்ணாடிக்கு அடியில் பல பிள்ளைகள் எழுதிய அட்டைகளை வைத்திருந்தார். தொடக்கநிலை 5-ல் அவள் எழுதிய அட்டையும் அவற்றில் இருந்தது.

அந்தத் தொதலுக்கு வாங்கிய அரிசிமாவையும் சர்க்கரையையும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுத இடமில்லை. கடைப் பேரேட்டில் எழுத இடமில்லாத கொடையே அன்பளிப்பு என்பது, சகோதரர்களே, 300 வெள்ளிப் பட்டுத் துணி திரும்பி வந்து எனக்குக் கற்பித்த பாடம்.

இந்த ஆண்டும் நவம்பரில் வீட்டிலிருந்து தொலைபேசி வரும். "என்ன வாங்குவது?" என்று கேட்பார்கள். "போன வருஷ டீச்சருக்கு என்ன செய்தோம்?" என்று ஒரு முறை திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் கொடைகளையும் நிய்யத்துகளையும் தூய்மையாக்கி, நம் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் பெருமக்களுக்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்.